கேட்டதற்கு மட்டும் பதில்

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களை நேர்காணலுக்குத் தயார் செய்வது என் தொழில். இதில் ஒரு விசேஷம், போகப் போகிறவரைத் தவிர மற்ற எல்லோரும் பேசுவார்கள். அப்பா பேசுவார், மாமா பேசுவார், துணைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர்கூட ஜெர்மனிக் குளிரைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். நேர்காணலில் பேச வேண்டிய பிள்ளை மட்டும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

எங்கள் பயிற்சி மையம் ஓசூரில், பாகலூர் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது. விண்ணப்பம், கம்ப்யூட்டர் எல்லாம் சுந்தர் பொறுப்பு. பேச வைப்பது என் பொறுப்பு. பொறியியல் கல்லூரியில் பல வருடம் பாடம் நடத்திவிட்டு வந்தவள் என்பதால் பொறுமை எனக்குக் கொஞ்சம் குறைவு. இதே தொழிலில் இருப்பவர்களும், வீட்டில் இப்படி ஒரு பிள்ளையை வைத்திருப்பவர்களும் நான் படும் பாட்டைப் புரிந்துகொள்வார்கள்.

பூ போகிற ஊர்

முனிராஜ் பாகலூர்ப் பக்கம் பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரம் போட்டு ரோஜா வளர்ப்பவர். மகள் மஞ்சுளாவை அழைத்துக்கொண்டு வந்தார். மஞ்சுளா மெக்கானிக்கல் முடித்துவிட்டு, சூளகிரி பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் ட்ரெயினி. உலோகங்களைச் சோதிக்கும் படிப்பில் மேற்படிப்பு படிக்க வேண்டும், அதுவும் ஜெர்மனியில் என்று ஆசை. இதையெல்லாம் சொன்னது முனிராஜ்தான். மஞ்சுளா தலையை மட்டும் ஆட்டினாள்.

"உனக்கு ஏன்மா இந்தப் படிப்பு?" என்று அவளைப் பார்த்துக் கேட்டேன். "அதுக்கு நல்ல ஸ்கோப்பு இருக்குதாம்" என்றார் அப்பா. "நான் மஞ்சுளாவைக் கேட்டேன்" என்றேன், கொஞ்சம் காரமாகவே. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவருடைய மனசு வேறு எங்கோ இருந்தது. தன் தோட்டத்துப் பூவும் விமானம் ஏறி அந்தப் பக்கம்தான் போகிறது என்று விளக்கிவிட்டு, என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார்: "பூவ குளிருல வச்சே அனுப்பறோம், வாடாமப் போயிச் சேருது. பொண்ணுக்கு என்னாங்க மேடம் ஏற்பாடு?"

ஆடிட் முகம்

மஞ்சுளாவுக்கு முதல் மாதிரி நேர்காணல் வைத்தேன். நான்தான் பேராசிரியர். "உன் வேலையில் ஏதாவது பிரச்சினை வந்த அனுபவத்தைச் சொல்" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் கைகளைப் பின்னால் கட்டி, முதுகை நிமிர்த்தி, "பிரச்சினை எதுவும் இல்லை மேடம். எல்லாம் லிமிட்டுக்குள் இருக்கிறது" என்றாள். "எப்போதாவது அளவு தப்பியிருக்கும் இல்லையா?" "இல்லை மேடம்." "ஒரு தடவைகூட?" "சூப்பர்வைசரைக் கேட்டுச் சொல்கிறேன் மேடம்."

ஓசூர்க்காரர்களுக்கு இந்த முகம் பழக்கமானது. வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து தரத்தைச் சோதிக்க, ஆடிட்டுக்கு, ஆள் வருகிற நாளில் தொழிற்சாலையே புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கும். தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிப்பார்கள். கழித்த சாமான் போடும் சிவப்புத் தொட்டி கண்ணில் படாத இடத்துக்குப் போய்விடும். எல்லோருக்கும் ஒரே உபதேசம்: கேட்டதுக்கு மட்டும் பதில் சொல், நீயாக எதையும் எடுத்து விடாதே. அதையே திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகிய பிள்ளையிடம் போய், உன் தவறைச் சொல் என்றால் எப்படிச் சொல்லும்? ஏற்கெனவே ஒரு பல்கலைக்கழகம் இவளை நேர்காணல் முடிந்ததும் வேண்டாம் என்று சொல்லியிருந்தது. ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சுந்தர் சொன்னார்: "மேடம், உங்களப் பாத்தா அவளுக்கு ப்ரொஃபசர் மாதிரித் தெரியல. கஸ்டமர் ஆடிட்டர் மாதிரித் தெரியுது."

ஷூ போட்ட ஆங்கிலம்

இதற்கு ஒரு வருடம் முன்னால் பிரகாஷ் என்று ஒருவன். அஞ்செட்டிப் பக்கத்துப் பையன். ஊரில் சிக்னல் கிடைக்காது, பஸ்ஸும் அபூர்வம். அதனால் எங்கள் அறையில் உட்கார்ந்தே ஆன்லைன் நேர்காணல் கொடுக்க வந்தான். மேலே சலவை செய்த வெள்ளைச் சட்டை. காலில் இரும்பு முனை வைத்த கம்பெனி ஷூ. மாடிப்படி முழுக்க டொக் டொக் என்று சத்தம்.

"கழற்றி வெளியே விடுப்பா, நடுவில் காலை ஆட்டினால் சத்தம் கேட்கும்" என்றேன். கழற்றினான். ஒத்திகைக்காக ஒரு கேள்வி கேட்டேன். வாயே திறக்கவில்லை. நன்றாகப் பேசுகிற பையன்தான், திருதிருவென்று விழித்தான். பிறகு மெதுவாகப் போய் ஷூவைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். மடமடவென்று ஆங்கிலம் கொட்டியது. ஜெர்மனியில் இடமும் கிடைத்தது. ஷூவைப் பற்றிக் கேட்டதற்கு அவன் சொன்ன காரணம்: "கம்பெனிக்குள்ளதான் மேடம் நான் இங்கிலீஷ் பேசுவேன். வெறுங்கால்ல நின்னா வீட்டுல இருக்கற மாதிரியே இருக்குது, வாயில தமிழும் தெலுங்கும்தான் வருது."

பர்மனென்ட்

மஞ்சுளாவுக்கு இன்னொரு பல்கலைக்கழகத்திலிருந்து நேர்காணல் வந்தது. அந்த வருடத்துக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. நேர்காணல் வெள்ளிக்கிழமை. அதே வாரம் கம்பெனியும் அவளைக் கூப்பிட்டு, பர்மனென்ட் செய்கிறோம், மூன்று வருடம் விலக மாட்டேன் என்று கையெழுத்துப் போடு, திங்கட்கிழமைக்குள் முடிவைச் சொல் என்றது. போட்டால் ஜெர்மனி கிடையாது. போடாவிட்டால் ட்ரெயினி காலம் முடிந்து வெளியே வர வேண்டியதுதான். நேர்காணல் முடிவு வர இன்னும் சில வாரம் ஆகும்.

ஓசூரில் பர்மனென்ட் என்ற சொல்லுக்கு இருக்கும் மரியாதை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அது கிடைத்த அன்று தெருவுக்கே இனிப்பு கொடுப்பார்கள், பெண் பார்க்க வருகிறவர்களும் முதலில் அதைத்தான் விசாரிப்பார்கள். முனிராஜ் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டேன். "அப்பா சொல்றபடி மேடம்" என்றாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஆசைப்படுகிறவள் இவள், வாய் மட்டும் அவருடையது. ஆனால் அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது: "ஜெர்மனி எங்கயும் ஓடிப் போயிறாதுங்க மேடம். பர்மனென்ட் ஓடிப் போயிரும்."

அங்கிருந்து ஒரு குரல்

வியாழக்கிழமை மஞ்சுளா மறுபடியும் ஆடிட் முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். என்ன சொல்லியும் அந்த முகம் மாறவில்லை. கடைசியில் பிரகாஷுக்கு வீடியோவில் போன் போட்டு, அங்கே எப்படி என்று இவளிடம் சொல் என்றேன்.

அவன் தன் முதல் வாரக் கதையைச் சொன்னான். ஆய்வகத்தில் அளக்கும் கருவி ஒன்றின் கம்பி அறுந்துவிட்டது. இவன் பயந்துபோய் அதை ஒட்டிவைத்து, யாரும் கேட்காததால் யாருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டான். ஒட்டிய கம்பி தந்த தப்பான எண்களை வைத்துக்கொண்டு அவன் குழுவே ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டது. விஷயம் தெரிந்ததும் பேராசிரியர் கம்பிக்காகத் திட்டவில்லையாம், மௌனத்துக்காகத் திட்டினாராம். மஞ்சுளா அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், வெளியே அனுப்பிவிட மாட்டார்களா என்று. பிரகாஷ் சிரித்தான்: "இங்க தப்பு பண்ணுனா ஏன்னு கேக்கறாங்க. மறைச்சாத்தான் முறைக்கறாங்க."

கன்னத்தில் ஒரு அளவு

வெள்ளிக்கிழமை கேமராவில் படாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கீழே பேக்கரியில் மாவு பிசையும் மிஷின் ஓடாதபடி சுந்தர் கெஞ்சிவிட்டு வந்திருந்தார். திரையில் வயதான ஒரு பெண் பேராசிரியர். படிப்பைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டுவிட்டு, "நீ அளந்ததில் தப்பாகிப்போன ஒன்றைச் சொல்" என்றார். மஞ்சுளாவின் கைகள் பின்னால் போயின. முதுகு நிமிர்ந்தது. அந்த அம்மா அவசரப்படாமல் காத்திருந்தார்.

கைகள் மெதுவாக முன்னால் வந்தன. மஞ்சுளா பேசினாள். கம்பெனியில் சேர்ந்த புதிதில் ஒரு டிரே நிறைய அலுமினிய வளையங்களை அளந்து, எல்லாம் பெரிதாக இருக்கிறது என்று கழித்துவிட்டாளாம். டீ குடித்துவிட்டு வந்து மனசு கேட்காமல் திரும்ப அளந்தால் எல்லாம் சரியாக இருந்தன. அளக்கிற மைக்ரோமீட்டர் கெட்டுவிட்டதோ என்று மாற்றிப் பார்த்தாள். அப்புறம்தான் விளங்கியது, வளையங்கள் கழுவும் மிஷினிலிருந்து சூடாக வந்திருந்தன, சூட்டில் விரிந்திருந்தன. டிரேயைச் சத்தமில்லாமல் நல்ல சாமானோடு சேர்த்துவிட்டாள். பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஆறிய பிறகுதான் அளக்கிறாள். "ஆறிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வாய்?" என்று கேட்டார் பேராசிரியர். மஞ்சுளா, "கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன்" என்றாள். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அரைமணி நேரம் இருவரும் சூட்டையும் உலோகத்தையும் பற்றியே பேசினார்கள், நான் இருப்பதே மஞ்சுளாவுக்கு மறந்துபோனது. முடிக்கும்போது பேராசிரியர் சொன்னார்: "எங்கள் ஆய்வகத்தில் தெர்மாமீட்டர் இருக்கிறது. நீ வந்தால் உன் கன்னத்துக்கு ஓய்வு கொடுக்கலாம்."

ரோஜாக் கட்டு

அது வெறும் பேச்சுதான், முடிவு இல்லை. திங்கட்கிழமை மஞ்சுளா என்ன செய்யப் போகிறாள் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் என் வாய் சும்மா இருக்காது என்று எனக்கே பயம்.

சில வாரம் கழித்து இடம் கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. மறுநாள் முனிராஜ் ஒரு கட்டு ரோஜாவோடு மாடி ஏறி வந்தார். திங்கட்கிழமையே மஞ்சுளா பர்மனென்ட் வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டாளாம். போகிற போக்கில் சூப்பர்வைசரிடம் சூடான டிரே கதையையும் சொல்லியிருக்கிறாள். முதலில் கத்தியவர், அப்புறம் கழுவும் மிஷின் பக்கத்தில் 'ஆறிய பிறகு அளக்கவும்' என்று பலகை மாட்டிவிட்டார். "உங்களுக்குக் கோபம் இல்லையா?" என்று கேட்டேன். அவர் ரோஜாக் கட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "அன்னிக்குப் பூ கட்டிட்டு இருந்தேங்க. மஞ்சுளா வந்து பக்கத்துல உக்காந்து, வேணாம்னு சொல்லிட்டேன்பா, ஜெர்மனி கிடைக்கலைன்னா என்ன பண்றதுன்னு பயமா இருக்குதுன்னா. பொறந்ததுலேர்ந்து எங்கிட்ட பயமா இருக்குதுன்னு அவ சொன்னதே இல்லீங்க மேடம். நான் ஒண்ணுமே கேக்கல, அவளே வந்து சொன்னா."

பேராசிரியருக்குப் பதில் சொல்லத்தான் நான் கற்றுக்கொடுக்கிறேன், ஆனால் பாடம் ஏறிவிட்டதா என்று அப்பாவிடம் கேட்டால்தான் தெரிகிறது.