தம்பி திரும்பிப் பார்த்த நாள்

எங்கள் வீட்டில் பேச்சு குறைவு. யாருக்கும் யாரோடும் சண்டை இல்லை; தொழில் அப்படி. அம்மாவும் நைனாவும் பழவேற்காடு ஏரியில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவர்கள். கை இரண்டும் தண்ணீருக்குள் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அப்புறம் எப்படிப் பேசுவது? புருவத்தைத் தூக்கினால் ‘இன்னா?’ தலையைச் சாய்த்தால் ‘இந்தப் பக்கம் வா.’ தாடையை உயர்த்தினால் ‘உனக்குப் பின்னால் பார்.’ கரையேறிய பிறகும் அந்தப் பழக்கம் அவர்களை விடாது.

எனக்கு எட்டு வயது. தம்பிக்கு இரண்டு முடிந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவன் என் பொறுப்பு. “புள்ளைக்கு வெளயாட்டுதான் படிப்பு. குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது எதுனா பேசிக்கினே இரு” என்று பால்வாடி டீச்சர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு ஏது நேரம்? நானே வாத்தியார் ஆனேன். அலுமினியச் சட்டியில் தண்ணீர் ஊற்றிச் சிப்பிகளைப் போடுவேன். கிழிந்த பறி ஒன்றை வாயில் கடித்துக்கொண்டு புருவத்தைத் தூக்குவேன். தம்பி துழாவி எடுத்துப் பறிக்குள் போடுவான். தாடையை உயர்த்தினால் சட்டென்று திரும்பி, பின்னால் நான் ஒளித்து வைத்த சிப்பியை எடுத்துக்கொண்டு சிரிப்பான். பேச்சுக்கு அங்கே வேலையே இல்லை. ஒரே வாரத்தில் எல்லாம் கற்றுக்கொண்டான். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் டீச்சர் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்புகிறதா என்று பார்க்க வேண்டுமாம். தம்பி என் எதிரே உட்கார்ந்திருந்தான். டீச்சர் அவனுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டார். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கை தட்டினார். அப்போதும் அப்படியே.

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. “இன்னா டீச்சர், எதுனா கொறையா?”

என் மாணவன் தோற்பதா? டீச்சர் மூன்றாவது தடவை கூப்பிட்டபோது நான் தாடையை உயர்த்தினேன். தம்பி திரும்பினான்.

“கள்ளன்! கேட்டுக்கினேதான் இருந்திருக்கான்” என்று டீச்சர் சிரித்துத் தாளில் குறித்துக்கொண்டார். அம்மா அவனை வாரி எடுத்து முத்தமிட்டாள். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைக்கு விடையைக் காட்டினதுபோல்தான் எனக்கு இருந்தது. அதற்காகக் கொஞ்சம் பயந்தேன், அவ்வளவுதான்.

மூன்று வயதாகியும் அவன் பேசவில்லை. “ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்” என்றார்கள். நாலு வயதில், வேறு வழியில்லாமல், பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஏதேதோ சோதனை செய்துவிட்டு, அவனுக்குக் காது கேட்கவில்லை என்றார் டாக்டர். பிறந்ததிலிருந்தே இப்படியா, நடுவில் போனதா என்று கேட்டார்.

“ரெண்டு வயசுல நல்லாக் கேட்டுச்சு சார். டீச்சர் கூப்ட்டாங்க, திரும்புனான்” என்று அம்மா என் பக்கம் பார்த்தாள். “நீயும் இருந்தியே, சொல்லு.”

“ஆமா, திரும்புனான்” என்றேன்.

டாக்டர் பேனாவை மூடினார். இன்னும் முன்னாலேயே தெரிந்திருந்தால் காதில் மிஷின் வைத்துப் பேச்சுக்குப் பழக்கியிருக்கலாம், இனிமேல் ரொம்பக் கஷ்டம் என்றார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “அதுக்கப்புறம் மழையில நனஞ்சு ஜொரம் வந்துச்சே, அதுலதான் போயிருக்கு. பச்சப்புள்ளய ஏரிக்குத் தூக்கினு போனேனே, பாவி! நானே என் புள்ள காதக் கெடுத்துட்டேனே!”

அவள் அழுவதை என்னால் தாங்க முடியவில்லை. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “அழாதம்மா, அன்னிக்கு அவனுக்கு நல்லாத்தான் கேட்டுச்சு, நான் பாத்தேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அம்மா இன்னும் சத்தமாக அழுதாள். அவளுக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.