1,200 பண்டல் தீப்பெட்டி

14.8.2019 – 2 பண்டல் குறைவு. பாண்டிராஜ் சம்பளத்தில் பிடித்தம் ரூ. 740.
21.1.2023 – ஸ்ரீநகர் லோடு, 1,200 பண்டல்.
30.1.2023 –
4.2.2023 – டெலிவரி, 1,200 பண்டல். குறைவு இல்லை.
18.2.2023 – பாண்டிராஜ் மருத்துவச் செலவு ரூ. 41,300.

சாத்தூர் தீப்பெட்டிக் கம்பெனியில் நாற்பத்தொரு வருடமாக லோடு அனுப்பும் கணக்கர் ஊர்க்காவலன். டிரைவர்களிடமிருந்து வரும் போன் ஒன்றுவிடாமல் நேரத்தோடு நோட்டில் ஏறிவிடும். ஜனவரி முப்பதாம் தேதி வந்த போனை மட்டும் அவர் எழுதவில்லை.

அன்று காலை 11.20க்கு ஸ்ரீநகர் லோடு டிரைவர் பாண்டிராஜ் பேசினான். மலைப்பாதையில் பனிப்புயல். இடுப்பளவு பனியில் லாரி புதைந்து நின்றது. இன்ஜின் உறைந்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் எங்குமே கரண்டு இல்லை.

"அடுப்பு இருக்கு அண்ணாச்சி, கேஸ் இருக்கு. பத்தவைக்கத்தான் குச்சி நனைஞ்சு போச்சு. ஒரு பண்டலைப் பிரிச்சுக்கிடட்டுமா?"

"பண்டல் சீல உடைக்காதலே. ரெண்டு பண்டலுக்குச் சம்பளத்துல பிடிச்சது மறந்து போச்சா? எப்படியும் சாயங்காலத்துக்குள்ள ரோட்டத் தொறந்துருவான்."

பாண்டிராஜின் போனில் சார்ஜ் தீர்ந்தது. ரோடு திறக்க மூன்று நாள் ஆனது. பனியில் கருகிப்போன இடது கால் விரல்களில் நான்கை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

டிரைவரின் கவனக்குறைவு, இழப்பீடு கிடையாது என்றார் முதலாளி. டீக்கடையில் லோடுமேன் காளிராஜ், "தீப்பெட்டி லாரிக்குள்ள உக்காந்துக்கிட்டு வெறச்சுப்போனவன் ஒலகத்துலயே நம்ம பாண்டிராஜ் ஒருத்தன்தாம்லே!" என்றான். கடையே சிரித்தது. ஊர்க்காவலன் தலை குனிந்தபடி டீயைக் குடித்து முடித்தார்.

மார்ச் பன்னிரண்டாம் தேதி, ஆரஞ்சுப் பழப் பையோடு அச்சங்குளம் போனார். பாண்டிராஜின் மனைவி மாரிசெல்வி, "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஒரு பெட்டியப் பிரிச்சா என்னலே கொறஞ்சு போகும்னு மொதலாளி கேட்டாக," என்றான் பாண்டிராஜ். "நான் ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி."

"ஏம்லே சொல்லல?"

"எதுக்கு? நோட்டுல இருக்குமே. நீக எழுதாம விட மாட்டீகளே."

ஊர்க்காவலனுக்கு அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. நேரே கம்பெனிக்கு வந்து, நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே எழுதினார்: 'காலை 11.20. பண்டலைப் பிரிக்க அனுமதி கேட்டார். நான் மறுத்தேன். இது 12.3.2023 அன்று எழுதியது.' அதையே கடிதமாக்கிக் கையெழுத்திட்டு, மறுநாள் சிவகாசியில் இருக்கும் முதலாளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

பதில் இரண்டே வரி. பாண்டிராஜுக்கு இழப்பீடு ரூ. 3,60,000. ஊர்க்காவலன் இனி வேலைக்கு வர வேண்டாம்.

முதல் வரியை இரண்டு முறை படித்தார். அன்றே நோட்டில் எழுதியிருந்தால் எப்போதோ அவனுக்குச் சேர்ந்திருக்க வேண்டிய பணம். உறைமேல் வழக்கம்போல் வரவுத் தேதியைக் குறித்தார்: 27.3.2023.