அலசிப் போட்ட துணிகள்

தொண்ணூறுகளில் ஒரு நாள், அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டில் மூன்று மாதக் கர்ப்பிணியான என் நாத்தனாருக்குத் திடீரென்று உதிரப்போக்கு ஏற்பட்டது. மாமனார் கண்ணில் படக்கூடாதே என்று நனைந்த துணிகளை அவசரமாக அலசிப் போட்டுவிட்டு, அவளை ஆட்டோவில் திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

"எவ்ளோ ரத்தம் போச்சு?" என்றார் டாக்டரம்மா.

"கொஞ்சந்தாங்க" என்றேன் கூச்சத்தில்.

கரு கலைந்துவிட்டதென்று, சலைன் ஏற்றியபடி ஆபரேஷனுக்கு அழைத்துப்போனார்கள். பாதியில் பிரஷர் இறங்கிவிட்டது. வெளியே ஓடிவந்த நர்ஸ், "நெசத்தைச் சொல்லுங்க, எத்தினி துணி நனைஞ்சுது?" என்றார்.

"ரெண்டு பொடவை, ஒரு போர்வை" என்று அழுதேன்.

அதற்கேற்ப ரத்தமும் சலைனும் ஏற்றி அவளைப் பிழைக்க வைத்தார்கள். டாக்டரம்மா திட்டவில்லை. "துணியப் பாத்தாதாம்மா எவ்ளோ போயிருக்குன்னு எங்களுக்குப் புரியும்" என்றார்.

இப்போது எங்கள் தெருவில் யாருக்கு அப்படி ஆனாலும், துணிகளை அலசாமல் பக்கெட்டோடு டாக்டர் முன்னால் வைக்கிறேன். எந்த மாமனார் பார்த்தாலும் சரி.