தண்ணீர் அடுக்கில் ஆல்கஹால்

பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் நான். இதையெல்லாம் எழுத இவள் யார் என்று தோன்றினால் அது நியாயம்தான், மன்னித்துவிடுங்கள். கணக்கு எனக்குத் தெரியாது. அன்று நான் பயந்தது மட்டும் நன்றாகத் தெரியும்.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சோதனை ஆலையில் லேப் உதவியாளராக இருக்கிறேன். மாங்கூழ் கம்பெனிகள் கழிக்கும் கொட்டையை வாயுவாக்கி, அதிலிருந்து டீசல் போன்ற எண்ணெய் செய்து பார்க்கிறார்கள். கடைசிக் கலத்தில் எண்ணெய் மேலேயும் தண்ணீர் கீழேயும் பிரிந்து நிற்கும். இரண்டிலும் சாம்பிள் பிடித்து, என்ன கலந்திருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் கருவியில் செலுத்துவது என் வேலை. எந்த அடுக்கில் எது எவ்வளவு போய்ச் சேரும் என்று இன்ஜினியர் மேடம் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணக்கிடுவார். அதற்குப் பல மாடல்கள், அதாவது கணக்கிடும் முறைகள், உண்டு. கலவைக்குத் தகுந்ததை மனிதர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கம்ப்யூட்டர் மறுக்காமல் ஒரு பதில் சொல்லிவிடும்.

அன்று மேடத்தின் கணக்குப்படி தண்ணீரில் ஆல்கஹால் பூஜ்யம். என் சாம்பிளில் நிறைய இருந்தது.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "பாட்டில எதுல கழுவுனீங்க?"

"ஸ்பிரிட்டுலதாங்க சார்."

"அப்புறம் என்ன? அதுவும் ஆல்கஹால்தானே. ஸ்பிரிட்ட ஊத்தி ஸ்பிரிட்டக் கண்டுபுடிச்சிருக்கோம். பேப்பர்ல போட்டுரலாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

"சாம்பிள் புடிக்க வேற ஆளு பாக்கணும் போலிருக்கே," என்றபடி அவர் போய்விட்டார். விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவா என்று தெரியவில்லை. என்னுடையது ஒப்பந்த வேலை.

முந்தின மாலை மாரண்டஹள்ளி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தேன். கழுவிய பாட்டில்களைக் காய்வதற்காகச் சூட்டுப்பெட்டியில் வைத்தது ஞாபகம் வந்தது. எடுக்கும்போது உள்ளே ஈரம் இருந்ததா என்பது எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. மேடத்தின் மேஜைக்கு இரண்டு முறை போய், பேசாமல் திரும்பினேன். மூன்றாவது முறை அவரே நிமிர்ந்து பார்த்தார்.

"என்னக்கா?"

"புது பாட்டில்ல ஒண்ணு புடிக்கட்டுங்களா மேடம்? ஸ்பிரிட்டே படாம."

"புடிங்க. நானும் வரேன்."

பிரிக்காத பெட்டியிலிருந்து பாட்டில் எடுத்தேன். கலத்தின் அடித் தண்ணீராலேயே மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டுப் பிடித்தேன். மேடம் பார்த்துக்கொண்டே நின்றதில் மூடியைச் சரியாகத் திருகவில்லை, திரும்பத் திருகினேன். கருவி அரைமணி நேரம் எடுத்துக்கொண்டது. கோடு எழும்பாவிட்டால் தவறு என்னுடையது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மனம் வரவில்லை.

கோடு அதே இடத்தில் எழும்பியது.

மேடம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, போன கம்பெனியில நான் பாத்தது பெட்ரோலிய எண்ணெய். அங்க தண்ணிய சுத்தத் தண்ணி, அதுல எதுவும் கரையாதுன்னு வெச்சிக்கிட்டாலே போதும். பழக்கத்துல அதே மாடல இங்கயும் போட்டுட்டேன். இங்க ஆல்கஹாலும் உண்டாகுது. அது தண்ணியோடதான் போய் ஒட்டும்."

தண்ணீரில் எது எவ்வளவு கரையும் என்பதையும் கணக்கில் எடுக்கும் வேறொரு மாடலைப் போட்டார். இம்முறை பூஜ்யம் வரவில்லை. என் சாம்பிளோடு முழுவதும் ஒத்துப்போகவும் இல்லை. ஆனால் பக்கத்தில் வந்தது.

மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். "அப்ப பாட்டில் மேல தப்பில்லீங்களா?"

"என் மேலதாங்க சார்," என்றார் மேடம்.

"ம்," என்றார் மேனேஜர். என் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.

நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் இரண்டு கோடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். முதல் பாட்டிலின் கோடு ஒரு மயிரிழை அதிக உயரம். அது ஸ்பிரிட்டாக இருக்குமோ என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

மறுநாள் மேனேஜர் அதே கலத்திலிருந்து இன்னும் ஆறு சாம்பிள் என்னிடமே கேட்டார். பிடித்துக் கொடுத்தேன்.