சுன்னத்து வீட்டுக்குப் போன நிஞ்சா கெசட்

1. கீழ்த்தட்டு

சுன்னத்து செய்யும் ஒஸ்தா மாமா மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தினார். அவரைக் கண்டதும் சுன்னத்துக்காரப் பையன் எழும்பி ஓடி, நெல் அறைக்குள் புகுந்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். பந்தல் நிறையச் சொந்தக்காரர்கள். சமையல் முடிந்து, பலர் சுற்றி இருந்து சாப்பிடும் சஹன் தட்டுகளில் சோறு போடக் காத்திருக்கிறார்கள். பையனின் வாப்பா திரும்பி என்னைத்தான் பார்த்தார். வீடியோ டெக் வாடகைக்கு விட்ட காலத்தில் அப்படி ஒரு சங்கடத்தில் நான் மாட்டியதே இல்லை. இப்போது போன் கடை வைத்துப் படம் ஏற்றிக் கொடுக்கும் தம்பிமாருக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

அப்போது நான் கல்முனையில் ஒரு வீடியோ கடையில் வேலை செய்தேன். கலியாண வீட்டை விடச் சுன்னத்து வீடுதான் எங்களுக்கு நல்ல வியாபாரம். சுன்னத்து செய்த பையன், காயத்தில் படாதபடி கூரையிலிருந்து தொங்கும் வெள்ளைத் துணிக்குக் கீழே நாள்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும். புரளக் கூடாது, ஓடக் கூடாது. அவனைப் பேசாமல் கிடக்க வைக்க ரீவியும் டெக்கும்தான் மருந்து.

கெசட்டுகள் சவூதியிலிருந்து வருகிறவர்களின் பெட்டிகளில் வரும். அதில் நிஞ்சாக் கார்ட்டூன்களும் கிடக்கும். உடம்பு முழுக்கக் கறுப்புத் துணி, கண் மட்டும் தெரியும் ஆட்கள், கையில் வாள். முதலாளிக்கு அதெல்லாம் ஒன்றுதான்.

“கீறின கார்ட்டூன் படமெல்லாம் கீழ்த்தட்டுல வை. சின்னப் புள்ளயளுக்கு எட்டட்டும்” என்பார்.

எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. கெசட் வந்தால் எழுத்து ஓடும் தொடக்கத்தை மட்டும் ஓட்டிப் பார்ப்போம். கோடு விழுகிறதா, படம் ஆடாமல் ட்ரெக்கிங் சரியா, டெக்கின் ஹெட் அழுக்கா, அவ்வளவுதான். கதை என்ன என்று பார்க்க யாருக்கு நேரம்?

2. பாலமுனை

அந்த வாப்பா பாலமுனையில் நிறைய வயல் வைத்திருந்த போடியார். கடைக்கு வந்து, “எங்கிட மகன் ரியாசுக்கு சுன்னத்து. கார்ட்டூன் படமாத் தாங்க. ஆட்டமும் பாட்டும் உள்ளது வேணா, மௌலவிமாரும் வருவாங்க” என்றார்.

முதலாளி குனிந்து கீழ்த்தட்டிலிருந்து அள்ளிக் கொடுத்தார். ரீவியை உழவு மிசின் இழுக்கும் பெட்டியில் சாக்கு விரித்து ஏற்றி, நான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனேன். காலையிலேயே வயரெல்லாம் பூட்டி ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது போடியாரின் கட்டளை. ஒஸ்தா மாமா வருவது பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு.

கைக்கு வந்த கெசட்டைப் போட்டேன். எழுத்து ஓடி முடிந்ததுமே ஒரு தலை பறந்தது. தண்ணீர்க் குழாய் வெடித்த மாதிரி ரத்தம். பையன்கள் எல்லாரும் கைதட்டினார்கள். நான் நிறுத்தப் போனேன். “ஏன் நிப்பாட்டுற? கார்ட்டூன்தானே” என்று ஒரு பெரியவர் என்னையே அதட்டினார். ரியாஸ் மட்டும் கைதட்டவில்லை. இடுப்பில் கட்டிய புதுச் சாரத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒஸ்தா மாமா ஒலுவில் பக்கமிருந்து வந்தார். ரோட்டில் ஒரே தூசி. மனுசன் மூக்கு, வாய், தலை எல்லாவற்றையும் ஒரு கறுப்புத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார். கண் மட்டும்தான் வெளியே. கக்கத்தில் ஒரு தோல் பை. மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

3. பின்னுக்கு ஓட்டியது

“மகன், கதவத் திற. ஆக்கள் எல்லாம் பாத்துட்டு நிக்காங்க.”

“மாட்டன் வாப்பா. அந்த ஆளப் போகச் சொல்லுங்க.”

போடியார் என் பக்கம் திரும்பினார். “என்ட மானத்த வாங்கிட்டாய் நீ. பொடியன் வெளிய வராட்டி உன்ட டெக்கும் வெளிய வராது.”

டெக் போனால் என் வேலையும் போகும். ஆனால் உண்மையைச் சொன்னால், உள்ளே அந்தப் பையன் விம்முகிற சத்தம்தான் என்னை உலுக்கியது. நெல் அறைக்கு மரக்கம்பி போட்ட ஜன்னல் ஒன்று இருந்தது. வயரை இழுத்து, ரீவியை அந்த ஜன்னலுக்கு நேரே மேசையில் தூக்கி வைத்தேன். அதே கெசட். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிவைண்டை அமத்திப் பிடித்தேன்.

ரத்தம் எல்லாம் சுருண்டு கழுத்துக்குள் போனது. தலை மண்ணிலிருந்து எழும்பிப் பறந்து வந்து தோளில் உட்கார்ந்தது. வெட்டினவன் வாளை உறையில் போட்டுக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து போனான்.

மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து ஒரு முகம் தெரிந்தது.

“அப்ப அவரு சாகல்லையா?”

“கீறின படம் மகன். மையும் கடதாசியும்.”

ரியாஸ் யோசித்தான். பிறகு கேட்டான்: “எனக்கும் அப்பிடித் திரும்பி ஒட்டுமா?”

பந்தலில் ஒருவரும் சிரிக்கவில்லை. பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“ஒட்டாது மகன். கொஞ்சம் நோகும். மறுகா எழும்பி ஓடுவாய். இஞ்ச நிக்கிற எல்லாருக்கும் செஞ்சதுதான், உன்ட வாப்பாக்கும்தான். எல்லாரும் நடக்காங்க தானே?”

“அந்த மாமா துணியக் கழட்டணும். நீங்க பக்கத்துல நிக்கணும்.”

ஒஸ்தா மாமா துணியை அவிழ்த்துவிட்டுப் பொக்கை வாயால் சிரித்தார். தாழ்ப்பாள் திறந்தது. காரியம் முடியும்வரை ரியாஸ் என் கையைப் பிடித்திருந்தான். அவன் நகம் பதிந்த இடம் மோட்டார் பூட்டின மாதிரித் துடித்தது. அவன் எழும்பி நடந்த பிறகு டெக்கும் நானும் பத்திரமாகக் கல்முனை திரும்பினோம்.

4. போனில் அதே படம்

டெக் காலம் முடிந்து இப்போது நான் போன் திருத்துகிறேன். போன மாதம் ரியாஸ் கடைக்கு வந்தான். தாடியில் நரை விழத் தொடங்கிவிட்டது. போனை நீட்டி, சொந்த அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, “காக்கா, இதப் பாருங்க” என்றான். அதே நிஞ்சா.

இரண்டு பேரும் தலையை ஒட்டிக்கொண்டு பார்த்தோம். வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். ஓடுகிறவனின் கால் ஆடுகிறது, பின்னால் ஒரே மரம் திரும்பத் திரும்ப வருகிறது. ரத்தம் பிள்ளைகள் குடிக்கும் சர்பத்து நிறம். ஒருத்தன் தலை போன பிறகும் நீளமாக வசனம் பேசுகிறான். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதற்கா நாங்கள் அன்று அவ்வளவு பாடு பட்டோம்?

திடீரென்று ரியாஸ் சிரிப்பதை நிறுத்தினான்.

“காக்கா, இதப் பின்னுக்கு ஓட்டேலாதா?”

விரலால் இழுத்துப் பார்த்தேன். படம் துண்டு துண்டாகத் தாவியது. “ஏலாது. இதுல அப்பிடி ஓடாது. ஏன்?”

“நாளைக்கு மகனுக்கு சுன்னத்து. ஆஸ்பத்திரியில டொக்டர் செய்யிறார். அவன் இதப் பாத்துச் சிரிக்கான். எனக்குத்தான் பயமா இருக்கு.”

அடுத்த நாள் கடையைத் திறக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகன் தன் போக்கில் உள்ளே போய்விட்டான். வெளியே நாங்கள் உட்கார்ந்திருந்த மர வாங்கில் வாப்பாக்காரன் என் கையைப் பிடித்தான். அதே பிடி.

தம்பிமாருக்கு ஒன்றுதான் சொல்வேன். என்ன படம் வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் வீட்டில் என்ன விசேஷம் என்று கேளுங்கள். கொடுத்துவிட்டு உடனே திரும்பி வராதீர்கள், கொஞ்சம் நில்லுங்கள்.

கதவு திறந்து ஒரு தாதிப் பிள்ளை எட்டிப் பார்த்தது. “வாப்பா மட்டும் உள்ள வாங்க. நீங்க யாரு, பேரப்புள்ளையப் பாக்க வந்த மூத்தாப்பாவா?”

நான் எழும்பி வழிவிட்டேன். ரியாஸ் என் கையை விடவில்லை.

“இவர் எங்கிட டெக் காக்கா” என்றான். “இவரும் வருவார்.”

டெக் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்துவிட்டது.