பல்லுக் கதிரைக்கு இடப்பக்கம்

பல்லு வைத்தியம் நாலு கைத் தொழில். டொக்குத்தரின் இரண்டு கையும் வாய்க்குள் இருக்கும்போது கன்னத்தை விலக்கிப் பிடிக்க, பஞ்சு நீட்ட, மருந்து குழைக்க இன்னும் இரண்டு கை வேண்டும். அந்த இரண்டும் என்னுடையவை. அவை எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது, தொடமுதல் எங்கே படிக்கவேண்டும் என்று எழுதிவைக்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். ஐயா, நீங்கள் எந்தக் கந்தோரில் எந்த மேசைக்குப் பின்னால் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இத்தனை வருசமாக நான் வாங்கிய ஏச்செல்லாம் உங்களுக்கு உரியது. சொந்தக்காரர் வந்து எடுக்காதபடியால் நான் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். எனக்கு வேண்டியது ஒழுங்கான படிப்பு, ஒரு பரீட்சை, "இவள் இவ்வளவும் செய்யலாம்" என்று ஒரு சொல். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

வாசிக்கிறவர்களில் என்னைப்போல் யாரோ ஒரு டொக்குத்தருக்குப் பக்கத்தில் நின்று கால் வீங்கின ஆட்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதைச் சொல்லுகிறேன். மற்றவர்கள் வாயைத் திறந்துகொண்டு கேட்கலாம், கதிரையில் பழகினதுதானே.

நியமனம்

சாவகச்சேரிச் சந்தையில் வெங்காயமும் மாம்பழமும் விற்று வளர்ந்தவள் நான். ஒருநாள் கன்னம் வீங்கி, பஸ் ஏறி யாழ்ப்பாணம் வந்து, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பல்லுக் கிளினிக்குக்குப் போனேன். வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. ஒருவருக்குக் கோயிலில் பூசை, ஒருவருக்குக் கோட்டில் வழக்கு, ஒருவருக்கு டொக்குத்தர் தூரத்துச் சொந்தம். எனக்குப் பல்லுக்கொதி உச்சியில் அடித்துக்கொண்டிருந்தது. சந்தைத் தொண்டையைத் திறந்தேன். வீக்கம் உள்ளவை முன்னுக்கு, பிள்ளைகள் அதுக்குப் பின்னாலை, சொந்தக்காரர் கடைசியிலை என்று பிரித்து வாசலில் கிடந்த நீட்டு வாங்கில் இருத்தினேன். கோட்டு வழக்குக்காரர் கொஞ்சம் பேரம் பேசிப் பார்த்தார். என்னிடமா? அவரும் இருந்தார்.

சத்தம் நின்றதும் டொக்குத்தர் பயந்துபோய்க் குறடும் கையுமாக வெளியே வந்து எட்டிப் பார்த்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, உன்ரை பல்லை இப்பவே பிடுங்கிறன். ஆனா பிடுங்கின கையோடை வீட்டை போயிடாதை. உந்தச் சனத்தை இதுவரை ஒருத்தரும் அடக்கினதில்லை."

மிதி

அதற்குப் பிறகு பயிற்சி என்றால், பார்ப்பதுதான் பயிற்சி. அவர் கை நீட்டுவார். நான் எதையாவது வைப்பேன். பிழையென்றால் திரும்பி என் கைக்கு வரும். இப்படி ஆயுதங்களின் பேரெல்லாம் பாடமாகிக்கொண்டு வரும்போது சண்டை முற்றி யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் இல்லாமல் போனது. பல்லுக் குடைகிற மெசின் செத்துப்போய் நின்றது. டொக்குத்தர் பின் அறையிலிருந்து பழைய மிதி மெசின் ஒன்றை இழுத்து வந்தார். காலால் மிதித்தால் சில்லுச் சுற்றும், கயிறு ஓடும், நுனியில் ஊசி குடையும். மிதிக்கிற உத்தியோகம் எனக்கு. கோபம் வந்தால் என் கால் வேகமாக மிதிக்கும் என்பதை அன்றைக்குத்தான் நானும் அறிந்தேன்.

அன்று காலை விறகுக்காரனோடு எனக்குப் பெரிய சண்டை. ஆயுதங்களைக் கொதிக்கவைக்க மண்ணெண்ணெய் கிடையாது, விறகுதான். அவன் ஈரவிறகைத் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான். அந்தக் கோபம் முழுவதும் காலில் இருக்க, கதிரையில் இருந்தவர் ஒரு தையல்காரர். ஊசி பல்லில் பட்டதும் மனிசன் இரண்டு கையையும் தூக்கி நிறுத்தச் சொன்னார். வாயைத் துடைத்தார். டொக்குத்தரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, உது சாக்குத் தைக்கிற மிதி. பட்டுச்சீலை தைக்கிறன் எண்டு நினைச்சு மிதியும்."

மிளகு

கந்தசஷ்டி நேரம் கிளினிக்கில் ஆள் குறைவு. விரதகாரர் பல்லோடு சண்டை பிடிக்க வரமாட்டார்கள். அந்த வருசம் மட்டும் ஒரு அம்மா வந்தார், கன்னத்தைப் பொத்திக்கொண்டு. மிளகு விரதம். மிளகை முழுதாய் விழுங்கி ஒரு மிடறு தண்ணீர், அவ்வளவுதான் அன்றைய சாப்பாடு. அன்றைக்கு மிளகு தொண்டைக்குப் போகாமல் கடைவாய்ப் பல்லின் ஓட்டைக்குள் போய் இறுகிவிட்டது. வாய் கொப்பளிக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறார், தண்ணீர் உள்ளே போனால் விரதம் முறிந்துவிடுமாம். டொக்குத்தர் என்னைப் பார்த்தார். பேரம் பேசுவது என் பகுதி. தலையை முன்னுக்குச் சரித்தபடி கொப்பளிக்கிறது, ஒரு துளியும் உள்ளே போகாமல் நான் தாடையைப் பிடிக்கிறது என்று முடிவாயிற்று. நோயாளியைச் சம்மதிக்கப்பண்ணுவது யாருடைய வேலை என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? அதுவும் இல்லை.

டொக்குத்தர் கொக்கியால் மெல்லத் தூக்கி மிளகை வெளியில் எடுத்தார். நான் அதைப் பஞ்சோடு சேர்த்து வாளிக்குள் போடப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துவிட்டார்: "பொறும் பிள்ளை, பொறும். அது என்ரை இண்டையான் சாப்பாடு. எறியாமல் தாரும்!"

நோகாமல் பிடுங்கினவன்

என் பக்க நியாயத்தை மட்டும் சொன்னால் சந்தைக்காரப் புத்தி என்பீர்கள். மற்றப் பக்கமும் கேளுங்கள். ஒருநாள் ஒரு கமக்காரர் பேப்பர்ச் சுருளில் ஒரு பல்லைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வேறு எங்கேயோ டொக்குத்தர் இல்லாத நேரம் போயிருக்கிறார். அங்கே நின்ற உதவியாள் "இதுக்கேன் டொக்குத்தர்?" என்று தானே குறட்டைத் தூக்கியிருக்கிறான். பல்லைப் பார்த்தோம். முத்துப்போல நல்ல பல்லு. சூத்தைப் பல்லு பக்கத்தில் அப்படியே இருந்தது.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. படிப்பிக்காமல் விட்ட கையும் தடுக்காமல் விட்ட கையும் ஒன்றுதான், இரண்டும் கடைசியில் ஏழை வாய்க்குள்தான் போகும். "ஆரண்ணை அவன்? வாங்கோ, போய்க் கேப்பம்!" என்று நான் செருப்பைத் தேட, கமக்காரர் என்னை அமத்தினார்: "விடு பிள்ளை. உவன் கெட்டிக்காரன். பிழையான பல்லெண்டாலும் நோகாமல்தான் பிடுங்கினவன்."

புளுக்கொடியல்

பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புளுக்கொடியல் எங்கள் கிளினிக்குக்குச் செய்த உதவியை ஒரு விளம்பரமும் செய்யவில்லை. அது வாய்க்குள் போனால், உடைவது ஒன்றில் அது, இல்லாவிட்டால் பல்லு. ஒரு ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயாவுக்கு உள்ளதெல்லாம் உடைந்து பொய்ப்பல்லுக் கட்டியிருந்தோம். ஒரு இடம் முரசுச் சதையில் குத்துகிறது என்று வந்தார். டொக்குத்தர் ஒரு பிள்ளையின் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குத்துகிற இடத்தில் தேய்க்க எனக்குச் சொல்லித் தந்திருந்தார், கடைசிப் பார்வை அவருடையது. ஐயாவுக்கு இது பிடிக்கவில்லை. "நீர் எங்கை படிச்சனீர்?" என்று கேட்டார். "இஞ்சைதான், இந்தக் கதிரைக்குப் பக்கத்திலை!" என்றேன். "அது படிப்போ?" என்றார். அந்தக் கேள்வி என்னிடம் கேட்கவேண்டியதா, சொல்லுங்கள்.

வெயில் ஏறும்வரை முறுகிக்கொண்டு இருந்தார். பிறகு பசி வந்து பல்லை என் கையில் தந்தார். தேய்த்தேன். டொக்குத்தர் வந்து பார்த்து, நான் விட்ட ஒரு மூலையை இன்னும் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்தார். ஐயா பல்லைப் போட்டார், சட்டைப் பையிலிருந்து ஒரு புளுக்கொடியலை எடுத்தார், கடித்தார். கிளினிக் முழுக்கச் சத்தம் கேட்டது. எழும்பிப் போகும்போது என் காதடியில் சொன்னார்: "அருமையா இருக்கு. ஆனா நீர் தொட்டதெண்டு வெளியிலை சொல்லமாட்டன், கண்டீரோ. டொக்குத்தர் செய்ததெண்டுதான் சொல்லுவன்."

வலை பின்னுகிற கை

டொக்குத்தர் மருந்து எடுக்கக் கடலேரி தாண்டி அங்காலை போயிருந்தார். பாதை மூடி, சொன்ன நாளுக்குத் திரும்பவில்லை. பருத்தித்துறையிலிருந்து ஒரு கடற்றொழிலாளி, மனைவியைச் சைக்கிளில் பின்னுக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். பல்லு அடைத்திருந்தது விழுந்து, ஓட்டைக்குள் காற்றுப் பட்டாலே மனிசன் துள்ளினார். கடலுக்குப் போய்க் கன நாளாம். தற்காலிகமாக அடைக்க எனக்குத் தெரியும். கராம்பு எண்ணெயில் அடைக்கிற மருந்து மாவைக் குழைத்து வைக்கிறதுதான். நூறு தரம் குழைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் டொக்குத்தர் போகும்போது சொன்னது காதில் நின்றது: "நான் இல்லாத நேரம் வாய்க்குள்ளை கை வைச்சியெண்டால், ஏதும் நடந்தால் என்ரை பேரும் போம், உன்னையும் பிடிப்பினம். உனக்குப் பின்னாலை நிற்க ஒரு சட்டமும் இல்லை."

மனிசன் கெஞ்சினார். நான் கத்தினேன். அவர் மேலில்லை, யார்மேல் என்று உங்களுக்குத் தெரியும், ஐயா. கடைசியில் அவர் மனைவியின் கையைப் பார்த்தேன். வலை பின்னிப் பழகின கை, நடுங்காத கை. மருந்தை நான் குழைத்தேன். அவர் மனைவி கதிரைக்குப் பக்கத்தில் நின்றார். நான் எட்டி நின்று, "உதிலை வையும், அமத்தாதையும், ஓரத்தை வழியும்" என்று சொல்லச் சொல்ல அவ அடைத்தா. கொஞ்ச நேரத்தில் மனிசனின் முகம் விரிந்து, கண்ணில் தண்ணீர் வந்தது. பெண்சாதி கையைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தா: "ஏன் மிஸ்ஸி, தெரிஞ்ச நீர் தள்ளி நிக்கிறீர், தெரியாத நான் அடைக்கிறன். இது என்ன நியாயம்?"

பேரம்

டொக்குத்தர் வந்ததும் நடந்ததை நானே சொன்னேன். தலையில் கை வைத்தார். பிறகு அந்த மனிசனைக் கூப்பிட்டுப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அன்றைக்கு நான் என் வாழ்க்கையின் பெரிய பேரத்தைத் தொடங்கினேன். ஊசி போடுகிறதும் பிடுங்குகிறதும் எனக்கு வேண்டாம், அது உங்களுடையது. தற்காலிக அடைப்பு, ஊத்தை எடுக்கிறது, பொய்ப்பல்லுத் தேய்க்கிறது, இவ்வளவையும் ஒழுங்காய்ப் படிப்பியுங்கோ, பிழைவிட்டால் திருப்பிப் படிப்பியுங்கோ, தேறினால் எழுதித் தாங்கோ. அவர் நான் கேட்ட எல்லாத்துக்கும் ஓமெண்டார். கடைசிக்கு மட்டும் கையை விரித்தார்: "படிப்பிக்கிறன், பிள்ளை. எழுதித்தாற அதிகாரம் என்னட்டை இல்லை. அது இருக்கிற ஆளட்டைப் போய்க் கேள்."

அதுதான் கேட்கிறேன், ஐயா: பேனையை எடுங்கோ, படிப்பிக்கச் சொல்லுங்கோ, எது எங்கடை வேலை எது இல்லை எண்டு எழுதி முடியுங்கோ, இல்லாட்டி உங்களுக்குப் பல்லுக் கொதிக்கிற அண்டைக்கு உங்கடை வீட்டுக்காரியையும் கையோடை கூட்டிக்கொண்டு வாங்கோ.