போர்டைப் பார்த்து வந்தவர்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு படப்பிடிப்புக்குப் போயிருந்தபோது நடந்தது இது.

அப்போது நான் சினிமாவில் டாக்டர். நாடகக் குழுவிலிருந்து வந்தவன். ஏறு நெற்றி, மூக்குக் கண்ணாடி, கொஞ்சம் கனத்த குரல். முதல் படத்திலேயே டாக்டர் வேஷம் கொடுத்தார்கள். அதோடு முத்திரை விழுந்துவிட்டது. அதன்பிறகு எந்தக் கம்பெனி கூப்பிட்டாலும் வெள்ளைக் கோட்டுதான். ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவேன், கண்ணாடியைக் கழற்றுவேன், ஒரு வரி சொல்வேன், போய்விடுவேன். தியேட்டரில் ஜனங்கள் உட்கார்ந்து நிமிர்வதற்குள் என் வேலை முடிந்திருக்கும்.

இந்த மலைப் படம் அப்படி இல்லை. மலை ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்க வருகிற டாக்டராக எட்டுக் காட்சிகள். என் வாழ்க்கையிலேயே முதல் பெரிய வேஷம். இது நன்றாக வந்தால் அப்பா வேஷம், அண்ணன் வேஷம் என்று ஒரு சுற்று வரலாம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன்.

திருப்பத்தூரில் தங்கி, தினமும் காலையில் மலையேறுவோம். சாலையோரம் காலியாகக் கிடந்த ஒரு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, வாசலில் 'அரசு மருத்துவமனை' என்று பெரிய போர்டு மாட்டியிருந்தார்கள். உள்ளே கட்டில், மேஜை, வண்ணத் தண்ணீர் ஊற்றிய பாட்டில்கள். பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

இரண்டாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். மேகம் மூடிக்கொண்டதால் வெயிலுக்காகக் காத்திருந்தோம். நான் கோட்டும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புமாக வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஆண்கள் ஒரு கழியில் போர்வையைத் தூளிபோலக் கட்டி, அதில் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என் எதிரில் இறக்கினார்கள்.

"ஐயா, என் வூட்டுக்காரிங்க. ரெண்டு நாளா வயித்து வலி. கஞ்சி கூட எறங்கல. இன்னான்னு பாருங்க ஐயா" என்றார் முன்னால் வந்தவர். பின்னால் நின்றவர் அந்தப் பெண்ணின் அண்ணன்.

நான் டாக்டர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். சுற்றிலும் எங்கள் ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்த மனிதர் கைகூப்பி நின்றார். உண்மையைச் சொல்வதானால், எனக்கு அது பிடித்திருந்தது. குனிந்து, அந்தப் பெண்ணின் நாடியைப் பிடித்தேன், ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். "பயப்பட ஒண்ணுமில்லே. சூட்டு வலிதான். ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்" என்றேன். என் பையில் வைத்திருந்த தலைவலி மாத்திரை இரண்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மனைவியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

வெயில் வந்தது. அடுத்த காட்சி, நான் நோயாளியைப் பரிசோதிப்பது. கட்டிலில் துணை நடிகை ஒருவர் படுத்திருந்தார். அவர் நெற்றியில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. காலையில் நான் நாடி பார்த்த அந்தப் பெண்ணின் கை அனலாகக் கொதித்தது அப்போதுதான் உறைத்தது. வசனம் மறந்துபோயிற்று. மூன்று முறை எடுத்தும் சரியாக வரவில்லை. டைரக்டர் எரிச்சலோடு சாப்பாட்டுக்கு விட்டார்.

எங்களுக்கு ஜீப் ஓட்டியவர் வாணியம்பாடிக்காரர். மலைப்பாதையெல்லாம் அவருக்கு அத்துப்படி. சாப்பிடும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா சார் இப்டி பண்ணிட்டீங்க? அவங்க திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறத்தான் வந்தாங்க. போர்டைப் பாத்துட்டு, இங்கயே டாக்டர் வந்துக்கிறாருன்னு நின்னுட்டாங்க. நீங்க ஒண்ணுமில்லேன்னு சொன்னதால வூட்டுக்கே திரும்பிட்டாங்க."

கையில் எடுத்த சோற்றை இலையிலேயே போட்டுவிட்டு எழுந்தேன்.

டைரக்டரிடம் போய், ஜீப் வேண்டும், அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். "வெளிச்சம் இருக்கிறதே மூணு மணி நேரம். இன்னிக்கு நீங்க போனா, நாளைக்கு வேற ஆளை வெச்சு முதல்லேர்ந்து எடுப்பேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டிரைவரைப் பார்த்தேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அவர்கள் ஊர் எதுவென்று டிரைவர் காலையிலேயே விசாரித்து வைத்திருந்தார். ஜீப் போகும் தூரம் போய், பிறகு ஒற்றையடிப் பாதையில் அரை மணி நடந்தோம். வீட்டு வாசலிலேயே கணவர் என்னைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க ஐயா! வலி கொறஞ்சிக்கீது. இப்பத்தான் கண்ணு அசந்திச்சி."

அந்த நிமிடம் திரும்பிப் போயிருக்கலாம். உள்ளே போய் அந்தப் பெண்ணின் நெற்றியைத் தொட்டேன். காலையைவிட அதிகமாகக் கொதித்தது. உதடெல்லாம் வெடித்திருந்தது.

"நான் டாக்டர் இல்லீங்க. சினிமாவுல நடிக்கிறவன். அந்தப் போர்டும் பொய்" என்றேன்.

அவர் என் கோட்டைப் பார்த்தார். நான் அதைக் கழற்றாமலே வந்திருந்தேன்.

"அப்ப அந்த மாத்திரை?"

"தலைவலிக்குப் போடறது."

அண்ணன்காரர் என் சட்டையைப் பிடித்துவிட்டார். "ஒண்ணுந் தெரியாமயாய்யா கைய வெச்சிப் பாத்த? எங்க உயிரு ஒனக்கு வெளையாட்டா?" டிரைவர் நடுவில் புகுந்து, "அடிக்கிறத அப்பறம் அடிங்க. மொதல்ல அந்தம்மாவத் தூக்குங்க" என்றார். தூளியின் ஒரு முனையை நான் தோளில் வாங்கினேன். யாரும் தடுக்கவில்லை.

திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார். வயிற்றில் கை வைத்ததுமே, "குடல்வால் வீங்கியிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும். வலி மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார். கொடுத்தவன் நான் என்றேன். என் கோட்டை மேலும் கீழும் பார்த்து, "நீங்க எந்த ஆஸ்பத்திரி?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அதால வலி அடங்கியிருக்கு, நோய் அடங்கலே. நாளைக்குக் கொண்டு வந்திருந்தீங்கன்னா நான் கையை விரிச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கதவு சாத்தப்பட்டது. எத்தனை படங்களில் அந்தக் கதவுக்குள்ளிருந்து வந்திருக்கிறேன்! வெளியே நிற்பவர்களின் பக்கம் நான் நின்றது அன்றுதான். கணவர் சுவரோரம் குந்தியிருந்தார். நானும் பக்கத்தில் குந்தினேன். கதவுக்குப் பின்னால் ஒரு பாத்திரம் உரசினால்கூட இருவரும் நிமிர்ந்து பார்த்தோம்.

ஏழு மணி வாக்கில் அந்த டாக்டர் வெளியே வந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஆயாவிடம் தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு கணவரைப் பார்த்து, "பொழைச்சுட்டாங்கப்பா. பத்து நாள் இங்கேயே இருக்கணும்" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருடமாக நான் நடித்த டாக்டர்களில் ஒருவன்கூட இவ்வளவு களைத்துப் போனதில்லை.

டைரக்டர் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாளே வேறொருவர் என் வேஷத்தில் நடித்தார். சென்னைக்கு ரயிலேறுமுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பெண் கண் விழித்திருந்தார். யார் இது என்று கணவரிடம் கேட்டார். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "ஒன்னத் தூக்கினு வந்தவங்கள்ல ஒருத்தரு" என்றார். மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகும் பல வருடங்கள் டாக்டராகவே நடித்தேன். அப்பா வேஷம் கடைசிவரை வரவில்லை. அதில் வருத்தமில்லை. 'நான் டாக்டர் இல்லை' என்ற மூன்று வார்த்தையைச் சொல்ல அன்று எனக்கு நாலு மணி நேரம் பிடித்தது, இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் ஓர் உயிர் போயிருக்கும் என்ற நினைப்பு வரும்போதெல்லாம், இந்த வயதிலும் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது.